தேறல் என்பது கள்ளா? சங்க இலக்கிய மதுப் பெயர்களும் ஒயின் நுகர்வியல் அளவைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் பயிலும் பிழி, அரியல், தோப்பி, மட்டு, தேறல் முதலான சொற்களுக்கு இன்றைய உரைகளும் வகுப்பறைகளும் பெரும்பாலும் ‘கள்’ என்ற ஒரே பொருளைத் தருகின்றன. ஒயினைச் சுவைத்து விவரிக்கும் துறை தெளிவு, மணம், வாயுணர்வு, முதிரும் திறன் ஆகியவற்றை அளவைகளாகக் கொள்கிறது. அவ்வளவைகளின் துணையோடு இச்சொற்களை நோக்கினால், நாட்பட்டதாகப் போற்றப்படும் தேறல் பனங்கள்ளாக இருத்தல் அரிது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேறல், அரியல், வழைச்சு, பெரும்பாணாற்றுப்படை, ஒயின், துவர்ப்பு, முதிர்ச்சி.

முன்னுரை

புறநானூற்றின் 392ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினி தமக்கு அளித்த தேறலைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிடுகிறார். அது நாட்பட்டது என்றும் குறிக்கிறார். இதனை ‘பழைய கள்’ என்று விளக்கிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் பழைய கள் எப்படியிருக்கும் என்ற வினாவை எழுப்பினால் அவ்விளக்கம் நிற்பதில்லை. பழைய பனங்கள் என்பது காடி.

கள் முதிராது

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டிப் பொன்னேரி, பழவேற்காடு நோக்கிச் செல்லும் பகுதிகளில் இன்றும் பனைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடையுள்ளதால், பனையிலிருந்து சட்டப்படி கிடைக்கும் பானம் பதநீரே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பாளையிலிருந்து சொட்டத் தொடங்கிய கணமே ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சாற்றின் சர்க்கரையை எத்தனாலாக மாற்றத் தொடங்குகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைத் தடுக்கிறது. தடையில்லாத சாறு சில மணி நேரத்தில் நுரைத்துப் போதையூட்டும் பானமாகிறது. அதன் எத்தனால் அளவு பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு. அடுத்த ஓரிரு நாளில் அசிட்டிக் அமிலம் மேலோங்கிப் பானம் காடியாகிறது.

ஒயின் துறையில் ஒரு மது ஆண்டுகளைத் தாங்குமா என்பதை நான்கு கூறுகளைக் கொண்டு மதிப்பிடுவர்: அமிலம், டானின், எஞ்சிய சர்க்கரை, எத்தனால். இவற்றுள் ஒன்றிரண்டேனும் மிகுந்திருத்தல் வேண்டும்; காற்றுத் தொடர்பும் குறைந்திருத்தல் வேண்டும். பனங்கள்ளில் டானின் இல்லை எனலாம். எத்தனாலோ தன்னைத்தானே காக்கும் அளவுக்கு இல்லை. அதன் சிறப்பெல்லாம் புதுமையில் உள்ளது. பட்டினப்பாலையில் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர் பனையின் ‘பிழி’யை அருந்தி மகிழ்வது இதனோடு பொருந்துகிறது. அன்று இறக்கியது அன்றே அருந்தப்படுகிறது.

தொண்டை நாட்டு அரிசி மது

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். திருவள்ளூர் மாவட்டம் பழைய தொண்டை நாட்டின் பகுதியாதலால், இப்பகுதியின் உணவு வரலாற்றுக்கு இந்நூல் முதன்மைச் சான்று. வலைஞர் குடியிருப்பில் பாணர் பெறும் விருந்தைக் கூறுமிடத்தில், புலவர் ஒரு மது வடிக்கும் முறையையே படிப்படியாகத் தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். பிறகு ‘நல்லடை’ சேர்க்கின்றனர். முளையிட்ட தானியத்தை இடித்துக் கலத்தல் என உரையாசிரியர் இதற்குப் பொருள் கொள்வர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்து இனிமை பிறந்தபின் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து வடிக்கின்றனர்.

இவ்வரிசைமுறை நுட்பமானது. அரிசியில் இருப்பது மாவுப்பொருள். ஈஸ்ட் அதனை நேரே உண்ணாது. முளைத்த தானியத்தின் நொதிகளே அதனைச் சர்க்கரையாக்கும். கொதிக்கும் களியில் கலந்தால் அந்நொதிகள் அழிந்துவிடும்; ஆற்றியபின் கலந்தால் வேலை செய்யும். ஆகவே முதலில் இனிப்பும், பின்னர் மதுவும் தோன்றுகின்றன. பார்லியில் பியர் வடிப்போரின் அடிப்படை முறையும் இதுவே. புலவர் கண்டு பாடினார் என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை.

இப்பகுதியில் வரும் ‘வழைச்சு’ என்ற சொல்லைத் தனியே கவனித்தல் வேண்டும். இளமை, பச்சைத்தன்மை என்பது அதன் பொருள். வழைச்சு நீங்கும்வரை சாடியில் விட்டனர் என்கிறார் புலவர். நொதித்தல் முழுமையுறாத ஒயினில் மாவும் ஈஸ்ட்டும் கலந்த ஒரு பச்சை வாடை எழும். அக்குறையைச் சுட்ட இன்று தமிழில் ஒரு சொல் தேடுவோர்க்கு இதனினும் பொருத்தமானது கிடைப்பது கடினம். அகராதியில் உறங்கும் இச்சொல்லை வழக்கிற்குக் கொணரலாம்.

பிழி, அரியல், தேறல்

பிழிதல், அரித்தல், தெளிதல் என்னும் வினைகளோடு இம்மூன்று பெயர்களும் தொடர்புடையன. எந்த மூலப்பொருள் என்பதை அவை கூறுவதில்லை. பானம் எந்நிலையில் உள்ளது என்பதையே கூறுகின்றன. கலங்கிய சாறு, சல்லடையிட்டது, மண்டி அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிவு எனக் கொள்ளலாம். ஆயினும் இதனை இறுக்கமான படிநிலையாக்குதல் கூடாது. பெரும்பாணாற்றுப்படை ஒரே பானத்தை அரியல் என்றும் பிழி என்றும் அடுத்தடுத்து வழங்குகிறது. தேறல் மட்டும் ஓரளவு தனித்து நிற்கிறது. தெளிவதற்கு நாள் வேண்டும். நாள் தாங்கும் பானமே தெளியும்.

அத்தகைய பானம் எது? திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கிலில் விளைந்த தேன் தேறலைக் குறிக்கின்றன. குறிஞ்சி நிலத்தார்க்குத் தேன் எளிதில் கிட்டுவது. நீர் கலந்த தேன் நொதித்தால் எத்தனால் 14 விழுக்காடு வரை உயரக்கூடும். தேனில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. அதனால் நொதித்தல் மெதுவாகவே நடக்கும். வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும். அதாவது தேன் மதுவுக்கு நாட்படுதல் ஒரு புகழ்மொழி மட்டுமன்று, தேவையும் ஆகும். இரு கணுக்களுக்கிடையே அடைபட்ட மூங்கிற்குழாய் காற்றைத் தடுத்துக் காடியாகாமல் காக்கும்.

கபிலர் பறம்பு நாட்டைப் பாடும் 120ஆம் புறப்பாடலில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டுத் தேறல் வருகிறது. புதைத்த கலத்தில் வெப்பநிலை சீராக இருக்கும். ஜார்ஜியா நாட்டில் ‘குவெவ்ரி’ என்னும் பெரிய மட்கலங்களை மண்ணில் புதைத்து ஒயின் செய்யும் மரபு இன்றும் வாழ்கிறது. யுனெஸ்கோ 2013இல் அதனைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. இரண்டிற்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஒரே சிக்கலுக்கு இரு நாட்டாரும் ஒரே தீர்வைக் கண்டனர் என்பதே போதும்.

தேளும் பாம்பும்

சிறுபாணாற்றுப்படை தேறலுக்குச் சினந்த பாம்பை உவமை கூறும். வெறி தலைக்கேறும் விரைவைக் குறித்தது எனலாம். ஔவையாரின் தேளுவமை வாயுணர்வையும் சேர்த்துச் சுட்டுகிறது. மிளகாயின் எரிவை உணர்த்தும் நரம்பு ஏற்பிகளை எத்தனாலும் தூண்டும் என்பது இன்றைய உடலியல் கூறுவது. புதுக்கள்ளும் சுள்ளென்றிருக்கும், அதற்குக் கரியமில வாயுவும் ஒரு காரணம். நாட்பட்ட தெளிந்த மதுவில் அவ்வாயு பெரிதும் வெளியேறியிருக்கும். அதற்குப் பின்னும் கடுத்தால், கடுப்பது எத்தனாலே.

மணமும் துவர்ப்பும்

திராட்சை மதுவைப் பற்றிய சங்கச் சான்று, பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய 56ஆம் புறப்பாடல். யவனர் கொணர்ந்த அத்தேறலின் இரு பண்புகளைப் புலவர் குறிக்கிறார்: குளிர்ச்சி, கமழும் மணம். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போராச் சாடித் துண்டுகள் கிடைத்தன. ஒயின் சாடிகளின் உட்புறம் கசியாதிருக்கப் பைன் மரப்பிசின் பூசுவது அக்கால வழக்கம். ஆகவே பாண்டியன் அவையில் கமழ்ந்தது திராட்சை மட்டுமன்று, பிசினும்தான் என ஊகிக்க இடமுண்டு.

மூலப்பழத்தின் மணத்தையும் முதிர்ச்சியில் பிறக்கும் மணத்தையும் ஒயின் துறையினர் வேறுபடுத்துவர். முன்னதற்குத் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் வகையைச் சேர்ந்தது. அதன் லினலூல், ஜெரானியால் ஆகிய மணப்பொருள்கள் ரோஜாவிலும் உள்ளன. ‘பன்னீர்’ எனப் பெயரிட்ட உழவர்கள் எவ்வித மணச்சக்கரமும் இன்றிச் சரியாகவே நுகர்ந்துள்ளனர். ஆன் நோபிள் கலிபோர்னியாவில் ஒயின் மணச்சக்கரத்தை உருவாக்கியது 1980களில்தான். பின்னதை ‘விளைமணம்’ என வழங்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. மூங்கிலில் விளைந்த தேறல் என்னும் பழைய ஆட்சி அதற்கு அரண்.

வாயுணர்வில் தமிழ் மாணவர்க்கு ஒரு வசதி உண்டு. டானின் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைந்து நாவை வறளச் செய்கிறது. மேலை மரபில் இது சுவையன்று, தொடுவுணர்வு. ஆகவே நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது. நம் அறுசுவையிலோ துவர்ப்பு தனிச் சுவை. வாழைப்பூவையும் கடுக்காயையும் அறிந்தவர்க்குச் சிவப்பு ஒயினின் டானினை ஒரே சொல்லில் உணர்த்திவிடலாம்.

மட்கலச் சான்று

இலக்கியச் சொற்களைக் கொண்டு இவ்வளவு தூரமே செல்ல இயலும். மூலப்பொருளைத் தீர்மானிக்கக் கலங்களின் உட்புறப் படிவுகளை ஆய்தல் வேண்டும். தேன்மெழுகின் கொழுப்புக்கூறுகள் தேன் மதுவைச் சுட்டக்கூடும். திராட்சை மதுவுக்குப் பிற நாடுகளில் டார்டாரிக் அமிலமே முதன்மை அடையாளம். இங்கு அது தனித்துப் போதாது, ஏனெனில் நம் சமையலின் புளியிலும் அவ்வமிலம் மிகுதி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2015-16இல் அகழ்ந்த பட்டறைப்பெரும்புதூர், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. தொண்டை நாட்டுச் சாடிகளைத் தேடுவோர் அங்கிருந்து தொடங்கலாம். குழம்புச் சட்டியையும் மதுச் சாடியையும் முதலில் வடிவத்தால் பிரித்துக்கொண்டு.