சக்கரத்தின் மேல் ஓர் இல்லம்

சரக்கு ஏற்றும் டிரெய்லரைக் குடும்பம் தங்கும் கூடாக மாற்றுவது மேனாட்டாரின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணக்கூடும். உண்மையில் அது நம் முன்னோர் நன்கு அறிந்த கலையே. கரிசல் காட்டில் பருத்தி ஏற்றிய அதே பாரவண்டியின் மேல் மூங்கிலை வளைத்துக் கட்டிப் பாய் வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்தால் அது கூண்டுவண்டி. திருவிழாப் பயணம் முடிந்து கூண்டைக் கழற்றினால் மீண்டும் பாரவண்டி. இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டு கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், உல்லாசப் பயணத்திற்கென்றே குதிரை இழுக்கும் இல்லவண்டி ஒன்றைப் பிரிஸ்டல் நகரில் செய்வித்தார். அவ்வகையில் அதுவே முதலாவது என்பர்.

நம் காலத்திலும் இம்முயற்சி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளம் கட்டடக் கலைஞர், 2019ஆம் ஆண்டு ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின் மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டையே அமைத்தார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை, 250 லிட்டர் நீர்த்தொட்டி, 600 வாட் சூரிய மின்தகடு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. பெரும்பாலும் பழைய பொருள்களைக் கொண்டே, ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயில் அது உருவாயிற்று.

இத்தகைய வேலையில் இறங்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது பாரத்தின் இலக்கணம். வண்டியோட்டிகள் இதனை நன்கு அறிவர். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து நசுங்கும். டிரெய்லருக்கும் இதுவே விதி. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, இழுக்கும் வாகனத்தின் கொக்கியில் அமைய வேண்டும். 500 கிலோ என்றால் 50 முதல் 75 கிலோ. இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். நீரின் எடையையும் மறக்கலாகாது. 250 லிட்டர் நீர் 250 கிலோ ஆகும். ஆகவே தொட்டியை அச்சுக்கு அருகே, தாழ்வாக அமைப்பதே நலம்.

அடுத்தது வெப்பம். விருதுநகர்க் கோடையில் இரும்புத் தகட்டுப் பெட்டி அடுப்பாகிவிடும். தகட்டுக்கும் ஒட்டுப்பலகைக்கும் இடையே வெப்பத்தடுப்புத் தேவை. தெர்மோகோல் மலிவானது, ஆனால் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை கக்கும். கண்ணாடிக் கம்பளி எரியாது. எதிரெதிரே இரு சன்னல்களும், கூரையருகே காற்றுப்போக்கியும், அவசரத்தில் வெளியேற இரண்டாவது வழியும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் நெருப்பு. நம் பகுதியில் விலைக்குக் கிடைக்கும் பழைய டிரெய்லர் முன்பு எதைச் சுமந்தது என்று கட்டாயம் விசாரியுங்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றை ஏற்றிய வண்டியாயின், பலகை இடுக்குகளில் அவை தங்கியிருக்கக்கூடும். வெல்டிங் பொறி ஒன்று போதும். ஐயமிருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே அறிவுடைமை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நமக்கு, பொறியின் வலிமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை நிலையத்தருகே நின்ற சுற்றுலா ரயில்பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டனர். லக்னோவிலிருந்து திருத்தல யாத்திரை வந்தோர் அவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரே அந்த அழிவுக்குக் காரணமாயிற்று. ஆகவே சமையல் வண்டிக்கு வெளியே, திறந்தவெளியில் நடைபெறட்டும். மூடிய கூட்டினுள் கரியடுப்பும் ஜெனரேட்டரும் கூடவே கூடா; அவை வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குவோர் உறங்கியபடியே மடிவர். உலர்பொடித் தீயணைப்புக் கருவி ஒன்று கதவருகே இருக்கட்டும்.

இனிச் சட்டம். டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டத்திற்கு உட்பட்டதே. பதிவுச் சான்றில் உள்ள விவரத்திற்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே தகட்டில் ரம்பம் வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.

குடும்பத் தலைவர்கள் சிந்திக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் பிற யாத்திரைகளுக்கும் மூட்டைகளோடு பெண்டு பிள்ளைகளையும் லோடு வேனில் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சரக்கு வாகனத்தில் அவ்வாறு செல்வோர் விபத்துக்குள்ளானால், இழப்பீடு வழங்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்திற்குச் சட்டப்படி இல்லை என்று 2002ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரும் போய், ஆதரவும் இன்றி நிற்பது எத்துணைக் கொடுமை! எவ்வளவு அழகாக அமைத்தாலும், ஓடும் டிரெய்லரினுள் எவரும் அமரலாகாது. அது நின்றபின் தங்குவதற்கு மட்டுமே உரியது.

தம் கையால் செய்த கூட்டில் தம் மக்களை உறங்க வைப்பதில் ஒரு தந்தைக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. அம்மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமாயின், மெத்தையின் மென்மைக்குச் செலவிடும் கவனத்தைவிட அச்சுக்கும், கொக்கிக்கும், காற்றுவழிக்கும் மிகுதியான கவனம் செலுத்துவோமாக.