திரைச் சிரிப்பு – 9: கேலிக்கும் முத்திரைக்கும் நடுவே

நையாண்டிப் படம் ஒரு தவறையோ அதிகாரத்தையோ பிடித்துப் பெரிதாக்கிக் காட்டும். இனக் கேலி, ஒரு கூட்டத்தில் பிறந்ததையே குறையாக்கிச் சிரிக்கும். நோக்கம் வேறு என்றாலும் இரண்டும் எடுக்கும் கருவிகள் ஒன்றே: பேச்சு, உடை, சாப்பாடு, நிறம். ஒரு காட்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் இத்தனை சச்சரவு எழுவது அதனால்தான். வட்டிக்கடை சேட்டு, டீக்கடை நாயர், இரவுக்காவல் கூர்க்கா என்று தமிழ்ப் படங்களில் ஒற்றை வரிக்குள் அடங்கிப்போனவர்கள் பலர். அவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இராது. பேச்சின் இழுவை மட்டும் இருக்கும்.

தமிழரே கேலிக்கு ஆளான படங்களிலிருந்து தொடங்கினால் விஷயம் தெளிவாகும். ‘பாஷேர் பாடி’ என்ற வங்காளப் படத்தின் கதை தமிழில் 1960இல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்றும் இந்தியில் 1968இல் ‘படோசன்’ என்றும் வந்தது. இந்திப் படத்தில் மெஹ்மூத், குடுமியும் வேட்டியுமாக, தமிழ் வாடை அடிக்கும் இந்தி பேசும் பாட்டு வாத்தியார் பிள்ளையாக நடித்தார். அதில் வரும் பாட்டுப் போட்டியில் உண்மையாகவே பாடத் தெரிந்தவர் அவர்தான். எதிரே நிற்கும் நாயகன், ஒளிந்திருக்கும் நண்பனின் குரலுக்கு வாயசைக்கிறான். கதையின் நியாயப்படி வாயசைப்பவனே கேலிக்குரியவன். ஆனால் காட்சி அமைந்த விதம் குடுமியையும் உச்சரிப்பையும் பார்த்துச் சிரிக்க வைக்கிறது.

அந்த வார்ப்பு பின்னரும் தொடர்ந்தது. 1990இல் வந்த ‘அக்னிபத்’தில் மிதுன் சக்கரவர்த்தி இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயர், 2011இன் ‘ரா.ஒன்’னில் ஷாருக் கான் நூடுல்ஸில் தயிர் ஊற்றிச் சாப்பிடும் தமிழர். 2013இன் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ஸில் அரிவாளும் கையுமாகத் திரியும் கிராமம். கிருஷ்ணன் ஐயர் துணிச்சலானவர், நட்புக்கு உயிரையும் கொடுக்கத் தயங்காதவர். அந்த வேடத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. ஆனாலும் அவர் பேசும் இந்திதான் சிரிப்பு மூட்டியது. பாத்திரத்தை நல்லவராக எழுதிவிட்டால் மட்டும் முத்திரை அழிந்துவிடாது.

இதே தராசில் தமிழ்ப் படங்களையும் நிறுத்திப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன், எதைக் கண்டாலும் நடுங்கும் இலங்கைத் தமிழ் அகதி. இயக்கம் கே.எஸ். ரவிகுமார், வசனம் கிரேசி மோகன். யாழ்ப்பாணப் பேச்சைப் பழக, இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் உதவியைக் கமல் நாடினார். படத்தின் நையாண்டி உண்மையில் மனநல மருத்துவர் கைலாஷின் மீதுதான். அவருடைய கௌரவமும் பொறாமையும்தான் காட்சிக்குக் காட்சி சரிகின்றன. அகதியின் பயத்துக்கு வேர் போரில் பட்ட காயம் என்பதையும் படமே சொல்லிவிடுகிறது. அந்தப் பேச்சைக் கதையிலிருந்து கழற்றி மிமிக்ரி மேடையில் தனியே ஓட்டும்போது நிலைமை மாறுகிறது. கைலாஷும் இல்லை, போரும் இல்லை. மிச்சமிருப்பது உச்சரிப்பு மட்டுமே.

இலங்கையிலிருந்து வந்த இன்னொரு கூட்டத் தமிழர் வாழும் நீலகிரியில் இந்த மிமிக்ரி வேறு விதமாக ஒலிக்கும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டேன்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், சேரம்பாடிப் பகுதிகளில் இன்று வாழும் அந்தக் குடும்பங்களின் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு அல்ல. அவர்களுடைய முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. ஈழத் தமிழரின் வரலாறும் மலையகத் தமிழரின் வரலாறும் வேறு வேறு. நகைச்சுவைப் படத்திலோ ‘சிலோன்காரர்’ என்றால் ஒரே ஆள், ஒரே இழுவை.

நீலகிரியின் பழங்குடிகளுக்கு அந்த ஒற்றை இழுவைகூடக் கிடைக்கவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தனிக்கவனம் தேவையென அரசு வகுத்த தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளும் இம்மாவட்டத்தில் வாழ்கிறார்கள். படங்களின் ‘காட்டுவாசி’க்கு இலைதழை ஆடை, முகத்தில் சாயம், அர்த்தமில்லாத கூச்சல். தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழோடு உறவுடைய திராவிட மொழிகள். 1930களில் இங்கே தங்கி அவற்றை ஆராய்ந்த மொழியியலாளர் எம்.பி. எமனோ, தோடர் பாடல்களைத் திரட்டி 1971இல் பெருநூலாகவே வெளியிட்டார். ஊட்டி–கூடலூர் சாலையிலிருந்து பிரியும் கிளென்மார்கன் போன்ற தேயிலைச் சரிவுகள் படக்குழுக்கள் விரும்பும் நிலம். ‘ரோஜா’வில் காஷ்மீராகத் தெரிந்த காட்சிகளில் சில நீலகிரியில் எடுத்தவை. மலை இப்படித் திரையில் அடிக்கடி வருகிறது. மலையின் மனிதர்கள் அபூர்வமாகவே வருகிறார்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? இன, மத, பிற குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ கூடாது என்கின்றன 1991இன் தணிக்கை வழிகாட்டுதல்கள். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம் பற்றிய வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு அளவுகோலைத் தந்தது: எதைப் பார்த்தாலும் ஆபத்து என்று துடிப்பவரின் கண்ணால் அல்ல, திடமனம் கொண்ட சாதாரண மனிதரின் கண்ணால் படத்தை எடைபோட வேண்டும். 2024 ஜூலையில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வதாக ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படத்தின் மீது வந்த வழக்கில், குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் அந்த மனிதரையே தாழ்த்தும் நகைச்சுவையையும் அதே நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இனக் கேலிக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்.

பொருத்திப் பார்க்க இரண்டு படங்கள் போதும். 2007இன் ‘சிவாஜி’யில் வள்ளல் பாரியின் மகளிரான அங்கவை, சங்கவையின் பெயர்களைச் சூட்டி, முகத்தில் கறுப்பு பூசிய இரு பெண்களை வைத்துச் சிரிப்பு மூட்டினார்கள். நிறத்தை எடுத்துவிட்டால் அங்கே நகைச்சுவையே இல்லை. 2025இன் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில், இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் தன் பேச்சை மறைத்துக் கேரளத்தவர் என்று சொல்லிக்கொள்கிறது. சிரிப்பு அந்தப் பேச்சின் மீது விழவில்லை. ஒரு குடும்பம் தன் பேச்சையே ஒளிக்க வேண்டியிருக்கும் நிலைமையின் மீது விழுகிறது.

இந்த அளவுகோல்களுக்கு ஒரு வரம்பு உண்டு. தணிக்கைக் குழுவும் நீதிமன்றமும் ஒரு நேரத்தில் ஒரு படத்தையே பார்க்கின்றன. முத்திரையோ நூறு படங்கள் சேர்ந்து உருவாக்குவது. ஐயர் வேடத்தைக் கேலி செய்யும் ஒரு படத்துக்கு எதிரே, ஐயரை மேதையாக, நீதிபதியாக, காதலனாகக் காட்டும் பல படங்கள் இருக்கின்றன. காட்டுநாயக்கருக்கும் டேன்டீ தொழிலாளிக்கும் அப்படி எதிர்ப்படம் இல்லாததால், ஒரு கேலிக் காட்சியே அவர்களைப் பற்றிய முழுச் செய்தியாகிவிடுகிறது. ஒரு காட்சியை வெட்டுவதால் இந்தக் குறை தீராது. அந்த மனிதர்கள் பெயரோடும் சொந்தப் பேச்சோடும் வரும் படங்கள் பெருகும்போதுதான் அவர்களைக் கேலி செய்வதும் வெறும் கேலியாக நிற்கும்.

(தொடரும்)