ஆரத்தி கற்பித்த பாடம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க அரங்கின் வாசலில் குழந்தைகளுக்கான பருத்தி உடைகளை நான் விற்றுக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். "இந்த வயதில் எப்படித் துணிந்தீர்கள்? எவ்வளவு முதல் போட்டீர்கள்?" என்று அன்று கேட்ட சகோதரிகள் பலர். கூட்டத்தில் நின்று சொல்ல முடியாததை எழுதித் தாருங்கள் என்றார் மலர் ஆசிரியர். எழுதுகிறேன். வெற்றிக் கதை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். சறுக்கிய கதையும் இதில் உண்டு.

எங்கள் வீடு அகமதாபாத் மணிநகரில். கணவருக்கு வட்வாவில் தொழிற்சாலை வேலை. தொழில் தொடங்கியபோது எனக்கு 43 வயது. பையன் பத்தாம் வகுப்பு, பெண் மூன்றாம் வகுப்பு, மாமியாருக்கு முழங்கால் வலி. காலை 5 மணிக்கு அடுப்படியில் நுழைந்தால் பத்தரை மணிக்குத்தான் உட்கார முடியும்.

பெண்ணின் பிறந்தநாளுக்கு வாங்கிய கவுனை முதல் தடவை அலசியபோது வாளித் தண்ணீர் முழுக்க ஊதாவாயிற்று. "இந்தத் தண்ணீர் எங்கேம்மா போகும்?" என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரிந்ததுதான். ஆலைக் கழிவால் சபர்மதி கெடுவதைக் குஜராத் உயர் நீதிமன்றம் 2021-இல் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நம் திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஒரு வாளிக்கே இப்படி என்றால் ஊருக்கெல்லாம் எத்தனை வாளி?

தையல் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஆறு கெடாத துணியில் குழந்தைகளுக்கு உடை தைத்தால் என்ன என்று தோன்றியது. "முதலில் பையன் பரீட்சை முடியட்டுமே" என்றார் கணவர். முடியும்வரை காத்திருந்தேன். அந்த மாதங்களில் துணியைப் பற்றி விசாரித்தேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். தாத்தா கரிசல் மண்ணில் கருங்கண்ணிப் பருத்தி போட்டவர். மழையை மட்டும் நம்பி விளைவது அது. அதைப் போலவே கட்ச் மாவட்டத்தில் மானாவாரியாக 'கலா' பருத்தி விளைகிறது. பூச்சிமருந்தோ பாசனமோ வேண்டாம். இழை குட்டை என்பதால் பெரிய ஆலைகள் இதை விரும்புவதில்லை, கைத்தறிக்கு ஏற்றது. புஜ் நகரை அடுத்த புஜோடி கிராமத்து நெசவாளர்கள் இதில் நெய்கிறார்கள். இரவு ரயிலில் போய், மீட்டர் 400 ரூபாய் வீதம் 60 மீட்டர் வாங்கி வந்தேன்.

இனி கணக்கு. என் வளையல் இரண்டை வங்கியில் வைத்து 60,000 ரூபாய் வாங்கினேன். துணிக்கு 24,000, பழைய தையல் மெஷினுக்கு 9,000, கத்தரி, நூல், மேஜை, இஸ்திரிப் பெட்டிக்கு 5,000, பயணத்துக்கு 3,000. மீதி 19,000 ரூபாயைத் தொடவில்லை. அதுதான் பின்னால் என் மானத்தைக் காப்பாற்றியது.

சாயத்தைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அதன் துவர்ப்பும் படிகாரமும் சேர்ந்தால்தான் பெரும்பாலான இயற்கை நிறங்கள் இழையைப் பிடித்துக்கொள்ளும். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், மஞ்சளுக்கு மாதுளைத் தோல், கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். அவுரிக்கு மட்டும் படிகாரம் வேண்டாம். தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

இது கைத்தொழில், கூலி அதிகம். அதை மிச்சம் பிடிக்க நினைத்ததுதான் என் தவறு. வெள்ளைத் துணியை வீட்டிலேயே சமையல் மஞ்சளில் தோய்த்து 22 குர்த்தாக்கள் தைத்தேன். கண்ணைப் பறிக்கும் நிறம். அந்த வருஷப் பொங்கல் விழாவில், ஒன்று 700 ரூபாய் என்று அத்தனையும் விற்றுப் போயின.

பத்து நாளில் முதல் தொலைபேசி. சோப்புப் பட்ட இடமெல்லாம் செந்திட்டாக இருக்கிறதாம். அடுத்தவர், வெயிலில் காயப்போட்டதில் பாதி நிறம் போய்விட்டது என்றார். கைகால் ஓடவில்லை. மாமியார்தான் சொன்னார்: "ஏம்மா, ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டால் என்ன ஆகும்? சிவக்குமில்லையா? சோப்பிலும் காரம்தானே இருக்கிறது!" இருபது வருஷமாக ஆரத்தி கரைக்கிறவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். மஞ்சள் வெயிலுக்கும் நிற்காது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

"இயற்கைச் சாயம் என்றால் வெளுக்கத்தானே செய்யும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் சமாதானம் சொன்னார். ஆனால் வாங்கியவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்கள். நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? நோட்டில் எழுதி வைத்திருந்த எண்களுக்கெல்லாம் நானே பேசிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 15,400 ரூபாய். வளையலை மீட்கும் நாள் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அன்று பணம் வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறு வருஷம் என்னிடமே வாங்கினார்கள். விளம்பரத்துக்கு நான் செலவழித்தது அவ்வளவுதான்.

அதிலிருந்து மூன்று விதிகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: எந்தத் துணியானாலும் ஒரு சாண் துண்டை ஐந்து முறை சோப்புப் போட்டு அலசி, ஐந்து நாள் வெயிலில் போட்டுப் பார்த்த பிறகே வெட்டுவேன்.

இரண்டு: தெரிந்ததை மட்டுமே சீட்டில் எழுதுவேன். 'ஆர்கானிக்' என்று எழுத முறையான சான்றிதழ் வேண்டும். 'காட்ஸ்' என்னும் உலகத் தரச் சான்றில் அந்தப் பெயரைப் போட 95 சதவீத இழையாவது சான்று பெற்றதாக இருக்க வேண்டும். நூற்பு முதல் தையல் வரை சோதிப்பார்கள். என்னிடம் அது இல்லை. ஆகவே 'மானாவாரிப் பருத்தி, கைத்தறி, மாதுளைத் தோல் சாயம்' என்று மட்டும் எழுதுகிறேன். இயற்கைச் சாயம் என்றாலே சுத்தம் என்றும் சொல்ல முடியாது. நிறம் பிடிக்க மயில்துத்தம் சேர்ப்பவர்களும் உண்டு. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்று: என் கூலியையும் விலையில் சேர்ப்பேன். ஒரு கவுனுக்குத் துணி 500, நூலும் பொத்தானும் 25, பக்கத்து வீட்டுக் குஜராத்திச் சகோதரிக்குத் தையல் கூலி 180, பையும் போக்குவரத்தும் 35, வெட்டும் எனக்கு 100. ஆக 840. விற்பது 950. பஜாரில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்பார்கள். அந்த விலையில் ஆறு கொடுத்த பங்கு சேரவில்லை என்று சொல்வேன்.

தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கு: 'உத்யம்' பதிவு இலவசம். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு கடன் ஈடில்லாமல் கிடைக்கும். இது முன்பே தெரிந்திருந்தால் வளையல் கையிலேயே இருந்திருக்கும். வெளிமாநிலத்துக்கு விற்பதானால் ஜி.எஸ்.டி. பற்றிக் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நேரத்துக்கு நான் கண்ட வழி, பத்தரை முதல் ஒன்றரை வரை மட்டும் வேலை. பிள்ளைகளின் பரீட்சை மாதத்தில் ஆர்டர் எடுப்பதில்லை.

இப்போது செலவு போக மாதம் ஏழெட்டாயிரம் நிற்கிறது. பெரிய தொகையல்ல. சென்ற தீபாவளிக்கு முன் வளையல்களை மீட்டேன். அன்று மாமியார் ஆரத்தி எடுத்தார். தட்டிலிருந்த சிவப்பைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.