நாலு பக்கக் கடிதமும் ஒரு பக்கக் கடிதமும்

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த சகோதரி ஒருவர் எம்மிடம் ஒரு கடிதத்தின் பிரதியை நீட்டினார். நாலு பக்கம். பாடசாலைக் கொப்பித்தாளில் மகள் அழகாக எழுதியிருந்தாள். 1983 கலவரத்தில் லயம் எரிந்தது, பெற்றோருடன் வவுனியாவுக்குப் போனது, பின்பு கிளிநொச்சியில் காணி வெட்டிக் குடியிருந்தது, 2009இல் கணவரைக் கண்ணெதிரே கூட்டிச் சென்றது, முகாம், மறுபடியும் மாத்தளையில் அண்ணன் வீடு என்று ஒரு முழு வாழ்க்கையும் அதில் இருந்தது. கடைசி வரி மட்டும், “ஆகவே ஐயா அவர்கள் ஏதாவது உதவி செய்து தரும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்” என்று முடிந்தது.

அக்கடிதம் ஒரு குடும்ப அறக்கட்டளைக்குப் போயிருந்தது. “தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்” என்ற பதில் மூன்று மாதங்களுக்குப் பின்பு வந்தது. அதோடு சரி.

“இவ்வளவு எழுதியும் அவங்களுக்கு விளங்கலையா மிஸ்?” என்று கேட்டார். விளங்கியிருக்கும் அக்கா. ஆனால் எதைக் கொடுப்பது என்பதுதான் விளங்கியிருக்காது.

மாத்தளை போர் நடந்த மாவட்டம் அல்ல என்று பலர் நினைப்பதுண்டு. 1983 ஜூலையில் மாத்தளை நகரமும் முத்துமாரியம்மன் கோயிலும் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் இன்னமும் எம்மிடையே இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் அங்கேயும் போரில் அகப்பட்டன. அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது லயத்திலும் இடமில்லை, தோட்டப் பதிவிலும் பெயரில்லை. மீள்குடியேற்ற உதவிகள் பெரும்பாலும் வடக்கு, கிழக்கைக் குறித்தே வந்தன. அதனால் மாத்தளையிலுள்ள ஒரு பெண் தான் போரால் பாதிக்கப்பட்டவள் என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயந்தான். இருந்தாலும் விண்ணப்பம் எழுதுகிறவர் இதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.

குடும்ப அறக்கட்டளை என்றால் என்ன? வசதியுள்ள ஒரு குடும்பம் தன் சொத்தின் அல்லது வியாபார இலாபத்தின் ஒரு பங்கைத் தருமத்துக்கென ஒதுக்கி, அதை நடத்தப் பொறுப்பாளர் சிலரை நியமிப்பது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் இதற்கு ஒரு அடிப்படை. பெரிய வெளிநாட்டு நிறுவனங்களைப் போல இவை பத்திரிகையில் விளம்பரம் போட்டு விண்ணப்பம் கோருவது குறைவு. தாயின் பெயரில் தொடங்கியது கல்விக்கு மட்டும் கொடுக்கும், இன்னொன்று கண் சத்திரசிகிச்சைக்கு மட்டும். எதற்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரிக்காமல் எழுதுவது தபால் செலவுதான்.

எமது நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் தில்மா தேயிலை நிறுவனத்தை ஆரம்பித்த மெரில் ஜே. பெர்னாண்டோவின் பெயரிலுள்ள அறக்கட்டளை. 2004 சுனாமிக்குப் பின்னர் தொழிலை இழந்தவர்களை மீண்டும் தொழிலில் நிறுத்துவதற்காக அது சிறு தொழில் முனைவோர் திட்டமொன்றை நடத்தியது. பின்னர் வேறு வகையில் பாதிக்கப்பட்டவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர் 2023 ஜூலையில் காலமான பின்பும் குடும்பத்தினர் பணியைத் தொடர்கிறார்கள். இத்தகைய உதவி கடன் அல்ல. நுண்கடன்காரரிடம் வாரக்கட்டு கட்டிக் களைத்த எமது சகோதரிகளுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்ததை நாம் மறக்கவில்லை.

மாத்தளைக்குள்ளேயே வேறு மாதிரியான கதையும் உண்டு. அலுவிகாரையில் ஏனா த சில்வா (1922–2015) என்ற அம்மையார் தமது குடும்ப ஊருக்குத் திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக், எம்பிராய்டரி வேலைகளை நடத்தினார். அவர் முதலாவது இலங்கைப் பொலிஸ் மா அதிபரான சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள். அவர் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வேலையைப் பழக்கி, சந்தையையும் தேடிக் கொடுத்தார். பணம் கேட்பதற்கு முன்பு, பழகுவதற்கு இடமுண்டா, வாங்குவதற்கு ஆளுண்டா என்று கேட்பதும் ஒரு வேண்டுகோள்தான் என்பது என் எண்ணம்.

மீண்டும் எமது சகோதரியின் கதைக்கு வருவோம். அவருக்குத் தேவை என்ன என்று உட்கார்ந்து பேசினோம். ஐந்து பெண்கள் பச்சை மிளகு வாங்கிக் காயவைத்து விற்கிறார்கள். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ தேறும். மழை பிடித்தால் பூஞ்சணம் பிடித்து விலை இறங்கிவிடும். அரைத்துச் சிறு பக்கற்றாக விற்றால் இலாபம் கூடும். ஆகவே வேண்டியது அரைக்கும் இயந்திரம் ஒன்று, பக்கற் ஒட்டும் கருவி ஒன்று, தராசு ஒன்று. இதைச் சொல்ல அரைப்பக்கம் போதும். மீதி அரைப்பக்கத்தில் அவர் யார், ஐந்து பேரும் இதுவரை தாங்களாகச் செய்தது என்ன, இயந்திரம் வந்தால் மாதத்துக்கு எவ்வளவு வரும், பழுதானால் யார் பார்ப்பது என்பவை. கணவர் காணாமற்போனது இரண்டே வரியில் வந்தது. அதை வாசித்தபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இணைக்க வேண்டியவை பெரிதல்ல. கிராம சேவகரின் உறுதிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, பிரதேச செயலகத்தில் பதிந்த மாதர் சங்கமானால் அந்தப் பதிவுப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கடையிலிருந்து எடுத்த விலைமனு. உணவுப் பொருளானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே ஒருமுறை வந்து பார்க்கச் சொல்வது நல்லது. விலைமனுவில் ஒரு விஷயம் கவனியுங்கள். அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் வருடத்தில் சில தடவைதான் கூடுவார்கள். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது, இரண்டு மாதத்துக்கு முந்திய விலைமனு வெறும் கடுதாசியானது. தீர்மானம் வரும் நேரத்தில் புது விலைமனு தருவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதி, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி சேர்த்தோம். மொழிபெயர்த்த தம்பி நல்லவர்தான், ஆனால் ‘விதவை’ என்று போட்டுவிட்டார். சகோதரிக்கு அதை வாசித்துக் காட்டியதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“அவர் செத்தார்னு நான் சொல்லலையே மிஸ். அந்த மெசின் இல்லாட்டியும் பரவாயில்ல, இதில நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.”

அறக்கட்டளையின் படிவத்திலும் திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை என்று மூன்று கூடுகளே இருந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் எத்தனை கந்தோர்களில் இந்தக் கூடுகளின் முன்னால் நின்றிருப்பார்கள்! சட்டம் அவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பெற முடியும். கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்காமலே குடும்ப விடயங்களைக் கவனிக்க அது உதவுகிறது. அதன் பிரதியை இணைத்தோம். மூன்று கூடுகளையும் வெறுமையாக விட்டு, பக்கத்தில் ‘கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், 2009’ என்று அவர் தன் கையாலேயே எழுதினார்.

இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். மிளகு காயவைத்த பாயைப் பார்த்தார்கள், கணக்குக் கொப்பியைக் கேட்டார்கள். நல்ல வேளையாக அது இருந்தது. போகும்போது ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்து, பிள்ளைகளையும் நிறுத்திப் படம் எடுக்கலாமா என்றார். கொடுப்பவர்களுக்குப் படம் தேவைப்படலாம். ஆனால் எந்தப் படம், எங்கே போடுவீர்கள் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. இதைக் கேட்டால் உதவி போய்விடும் என்று பயப்படாதீர்கள். எமது சகோதரி, “மெசின் வந்ததும் நாங்க அஞ்சு பேரும் நின்னு எடுப்போம் சேர், பிள்ளைங்க வேணாம்” என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டு தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அரைக்கும் இயந்திரமும் தராசும் வந்துவிட்டன. பக்கற் ஒட்டும் கருவிக்கு, ஆறு மாதக் கணக்கைக் காட்டிய பிறகு பார்ப்போம் என்றிருக்கிறார்கள். அதுவரை மெழுகுதிரியில் காட்டித்தான் பக்கற்றின் வாய் ஒட்டுப்படுகிறது. கணக்குக் கொப்பியை மகள் எழுதுகிறாள். போன கிழமை அவர் காரியாலயத்துக்கு வந்தது, அந்தச் சான்றிதழ் எடுப்பது எப்படி என்று உக்குவளையிலுள்ள தன் சிநேகிதிக்கு ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போகத்தான்.