பலகை பதியாத நேரம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் எனக்கு, விளையாட்டுப் போட்டிகளுக்கு நேரக் கணிப்புக் கருவிகளை வாடகைக்குத் தரும் ஒரு நிறுவனத்தில் ஆறு மாத வேலைப் பயிற்சி கிடைத்தது. “ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற வேலையா?” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். முதல் வாரம் நான் தூக்கிய பெட்டிகளை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீச்சலில் நேரத்தைப் பிடிப்பது குளத்தின் சுவரில் தொங்கும் தொடுபலகை. நாங்கள் ‘டச் பேட்’ என்றே சொல்வோம். 2.4 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரம். அதில் 30 சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேலே, மீதி உள்ளே. அலை மோதினால் கண்டுகொள்ளாது. கை அழுத்தினால் கடிகாரம் நின்றுவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணிப் போட்டியில் மைக்கல் ஃபெல்ப்ஸ் எடுத்துக்கொண்டது 50.58 வினாடி, செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59. பார்த்தவர்களில் பலருக்கு சாவிச் முந்தியதாகவே தோன்றியது. அவர் கையை நீட்டியபடி சறுக்கி வந்தார். ஃபெல்ப்ஸ் இன்னும் அரை வீச்சு போட்டுப் பலகையை அறைந்தார்.

பலகை இல்லாத காலத்தில் கண்தான் நீதிபதி. 1960 ரோம் ஒலிம்பிக், 100 மீட்டர் எதேச்சைப் பாணி. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு அவருடைய மூன்று நேரக் கணிப்பாளர்கள் குறித்தவை 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூவருமே 55.2. தங்கம் யாருக்கு? டெவிட்டுக்கு! நடுவர்களின் தீர்ப்பு அப்படி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடுபலகைகள் வந்துவிட்டன.

எங்கள் குழுத்தலைவர் தினமும் ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வருபவர். எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’தான். முதல் நாளே ஒரு கணக்குக் கொடுத்தார். “ஒரு தடம் இரண்டரை மீட்டர் அகலம். முதல் தடத்துகிட்ட நின்னு துப்பாக்கி சுட்டா, எட்டாவது தடத்துல நிக்கிறவருக்கு எவ்வளவு தாமதமா கேக்கும்?” 17.5 மீட்டரை ஒலியின் வேகமான 340ஆல் வகுத்தேன். 0.05 வினாடி! ஃபெல்ப்ஸ் வென்ற வித்தியாசத்தைப்போல் ஐந்து மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு தொடக்க மேடைக்குப் பின்னாலும் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. அவற்றுக்குக் கேபிள் இழுப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. (உயர்நிலைப் பள்ளியில் இயற்பியலை நான் அவ்வளவாக ரசித்ததில்லை.)

மூன்றாவது மாதம் ஓர் அனைத்துலகப் போட்டி. தகுதிச் சுற்றில் ஆறாவது தடத்துப் பெண் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கினார். திரையில் அவருடைய கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் சோதித்தபோது அதே பலகை சரியாகத்தான் பதிந்தது.

ஒவ்வொரு தடத்திலும் ஓர் அதிகாரி கையில் பொத்தானோடு நிற்பார். பலகை பழுதானால் அவர் அழுத்திய நேரம் எடுத்துக்கொள்ளப்படும். பலகை நன்றாக இருந்து, நீந்தியவர் லேசாகத் தொட்டிருந்தால் பொறுப்பு அவருடையது. ஆகவே நடுவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: பழுதா, இல்லையா?

அந்தப் பெண் தண்ணீரிலிருந்து ஏறாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பழுது என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது.

“அந்தப் பொண்ணப் பாக்காத தம்பி, பலகையப் பாரு,” என்றார் அண்ணே.

நடுவில், நான்கு மூலைகளில், ஓரங்களில் என்று அழுத்திப் பார்த்தேன். எதுவும் பதியவில்லை. கேபிளை மாற்றியதும் எல்லா இடத்திலும் பதிந்தது. பழைய கேபிளின் இணைப்பிக்குள் ஈரம். பார்த்ததை அப்படியே நடுவரிடம் சொன்னோம். பொத்தானின் நேரம் ஏற்கப்பட்டது.

அந்த நேரப்படி அவர் ஒன்பதாவது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். எட்டாவது வந்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.06 வினாடி. பொத்தானை அழுத்தியது மனித விரல். விரல் அந்த 0.06 வினாடி பிந்தியிருக்கலாம், முந்தியும் இருக்கலாம். ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் தடங்களுக்கு மேலே அதிவேகக் கேமராவும் இருக்கும். படத்தை நிறுத்திப் பார்த்துவிடலாம். இங்கே ஏற்பாட்டாளர்கள் அதை எடுக்கவில்லை. வாடகைப் பட்டியலில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான் என்றார் அண்ணே. என்னைக் கேட்டால், தொடக்க விழாவின் புகை இயந்திரங்களை வெட்டியிருக்கலாம்.

அவருடைய பயிற்றுவிப்பாளர் வந்து, நேரப் பதிவின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் அதைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அன்றிரவு அரங்கம் காலியான பிறகு, குளத்தின் இரு முனைகளிலும் இருந்த பதினாறு பலகைகளின் இணைப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, உலர்த்தி மாட்டினோம். அண்ணே ஜோகூருக்கான கடைசிப் பேருந்தைத் தவறவிட்டார்.