தனுஷ்கோடியில் ஐப்பசி

வெலிங்டன் ஏரிக்கரையில் நின்று வாத்துக் கூட்டங்களைப் பார்த்துப் பழகிய திட்டக்குடிக்காரர்கள் ஒரு தடவையாவது ஐப்பசியில் ராமேஸ்வரம் போய்வர வேண்டும். தீர்த்தமாடித் திரும்புகிற பயணத்தைச் சொல்லவில்லை. விருத்தாசலத்தில் இரவு சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் ராமேஸ்வரம். கோயிலைத் தாண்டி தனுஷ்கோடி சாலையில் போனால், நம் ஏரி குளங்களில் இறங்குவதே அபூர்வமான பறவைகள் சேற்றைக் கிளறி மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்தக் கரையில் பறவையைத் தேடுகிறவர் முதலில் காற்றைக் கேட்க வேண்டும். மீனவர்களிடம் கேட்டாலே போதும். ஆடி, ஆவணியெல்லாம் ஆட்டிவைத்த கச்சானும் சோழகமும் ஓய்ந்து வாடை எழும்பும்போது பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் தணியும். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் பறவைகளுக்கு வாடை முதுகில் தள்ளும் காற்று. உள்ளான்களில் பல வகைகள் ஆவணியிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும், கூட்டம் பெருகுவது இந்தக் காற்றுக்குப் பிறகுதான். அவற்றின் வலசைப் பாதைக்கு இது கிட்டத்தட்டக் கடைசி நிலம். இதற்குத் தெற்கே இலங்கை. அதையும் கடந்தால் அண்டார்டிகா வரை பெருங்கடல்தான்.

கடலுக்கு நடுவே கிடக்கும் சிறு நிலத்தில் பறவைகள் குவிவதற்குக் காரணம் களைப்பு. இரவெல்லாம் பறந்த பறவை, மழையிலோ எதிர்காற்றிலோ சிக்கினால், கண்ணில் படும் முதல் தரையில் இறங்கிவிடும். வழிதப்பிய இளம் பறவைகளும் இப்படித்தான் கரை சேரும். ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவு இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தீவில், தென்கிழக்காசியாவுக்குப் போயிருக்க வேண்டிய சைபீரியக் கதிர்க்குருவிகள் திசை மாறி வந்து இறங்குகின்றன. பறவை ஆய்வாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோதே அங்கே ஓர் ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டார். 1948இல் அதைத் தொடங்கியும் காட்டினார். 2019இல் கட்டடம் தீயில் எரிந்து போனது; விடாமல் மறுபடியும் கட்டினார்கள்.

நம்மிடம் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. என்னைக் கேட்டால் அது சரியான கட்டுப்பாடு. கரையிலிருந்தே பார்க்க ஏராளம் இருக்கிறது. கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர். அரிச்சல்முனையில் மணல் திட்டுகளில் ஆலாக்கள்.

நான் ஆசையோடு தேடுவது நண்டுதின்னியை. கறுப்பு வெள்ளை உடல், நீண்ட சாம்பல் நிறக் கால்கள், உளி போன்ற தடித்த கறுப்பு அலகு. நான்கடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். சட்டென்று குனிந்து நண்டைக் கவ்வும். பெரிய நண்டாக இருந்தால் உதறி உதறிக் கால்களைப் பிய்த்த பிறகுதான் விழுங்கும். இது முட்டையிடுவது பெரும்பாலும் பாரசீக வளைகுடாவையும் செங்கடலையும் ஒட்டிய மணற்கரைகளில். கரைப்பறவைகளில் மணலுக்குள் வளை தோண்டிக் கூடு வைப்பது இது ஒன்றுதான். வைப்பதும் பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டை. குஞ்சை எளிதில் கைவிடாது. கடல் கடந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த இடத்திலும், வளர்ந்த பிள்ளை தாய் தகப்பன் பின்னால் ஓடிக் கத்திக் கத்தி இரை கேட்கும். வேறெந்த உள்ளானிடமும் நான் இதைக் கண்டதில்லை.

இந்தத் தீவுகளின் பறவைகளை முறையாக ஆராய்ந்தவர் எஸ். பாலச்சந்திரன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த அவர், 1980களில் மண்டபத்திலும் சுற்றுத் தீவுகளிலும் அலைந்து செய்த ஆய்வுக்கு, நம் கடலூர் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்தது. பம்பாய்க் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில், கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காக்கைகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டினார்கள். அவற்றுள் 'மேகா' என்று பெயரிட்ட ஒன்று 2021இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்வந்தது.

2025 ஜூன் மாதம் தமிழக அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பூநாரைகள் சரணாலயமாக அறிவித்தது. மனம் நிறைந்த செய்தி. ஆனால் அறிவிப்புப் பலகையால் மட்டும் பறவை பிழைக்காது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு வண்டிகளுக்குக் குறைவில்லை. படம் எடுக்கிற ஆவலில் சேற்றுக்குள் இறங்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கொழுப்பு கரைந்து வந்த உயிர் அது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும், அது சேர்த்த இரையில் ஒரு பங்கை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். சரணாலயத்துக்குக் காவலர்கள் வேண்டும். அதோடு ஐப்பசி, கார்த்திகையில் கல்லூரி மாணவர்களும் உள்ளூர் மீனவர்களும் சேர்ந்து இயங்கும் நிலையான வளையமிடும் முகாம் ஒன்று ராமேஸ்வரம் தீவிலேயே வேண்டும். ஃபேர் ஐலில் எழுபது வருடங்களுக்கு மேல் குறித்துவைத்த கணக்கு இருப்பதால்தான் எந்தப் பறவை குறைகிறது என்று அங்கே சொல்ல முடிகிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைனாகுலர் போதும், ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. ஆனாலும் தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் சேறு வெளியே தெரியும், பறவையும் மேயும். பொழுது சாயுமுன் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையே உகந்தது. காலில் நிறக் கொடி கட்டிய பறவை கண்ணில் பட்டால் நிறத்தையும், எந்தக் காலில் என்பதையும், எழுத்து தெரிந்தால் அதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கொடி கட்டிய நாட்டை நிறம் சொல்லும். தேதி, இடத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால், அந்தப் பறவையை எங்கே, எந்த வருடம் பிடித்தார்கள் என்பதைத் தேடி அறிய வழி உண்டு.