மூட்டை ஏற்றும் வேலையில் அவசரமும் முதுகெலும்பும்



தேயிலைத் தோட்டம் என்றதும் எல்லோரும் கொழுந்துக் கூடையைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டோரிலிருந்து கொழும்புக்குப் போகும் தேயிலைச் சாக்குகளை லொறியில் ஏற்றுவதும், தோட்டத்துக்கு வரும் உர மூட்டைகளை இறக்குவதும், மடுவத்தில் நிறுத்த கொழுந்தை ஏற்றி அனுப்புவதும் நம் ஆட்கள்தான். இந்த வேலைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "சுருக்கா, சுருக்கா! லொறி போகணும்!"

இந்தச் சுருக்குக்கும் நம் முதுகெலும்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இம்முறை நாம் பேசுவோம்.

பாரம் உடம்பில் எப்படி விழுகிறது?

அலவாங்கால் பெரிய கல்லைப் புரட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீண்ட முனையில் கொஞ்சம் பலம் கொடுத்தால் குட்டை முனையில் பெரும் பலம் கிடைக்கிறது. நாம் குனிந்து, கையை நீட்டி மூட்டையைத் தூக்கும்போது நம் உடம்பே அலவாங்கு ஆகிவிடுகிறது. மூட்டை நீண்ட முனையில் இருக்கிறது. இடுப்பு எலும்பைப் பிடித்திருக்கும் தசைகள் குட்டை முனையில் இருந்து இழுக்கின்றன. ஆகவே மூட்டையின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் இடுப்பில் விழுகிறது.

முதுகெலும்பின் கட்டைகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. குனிந்தபடியே உடம்பைத் திருப்பினால் இந்த வட்டு பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தக்கூடும். தொடை வழியாகக் கால் வரை 'சுரீர்' என்று வலி இறங்குவது பல பேருக்கு இதனால்தான்.

எவ்வளவு எடை பெரிய எடை?

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட சிபாரிசு ஒன்றில், வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. இது கடைசி எல்லை. நாள் முழுவதும் தூக்கலாம் என்ற அனுமதி அல்ல.

பிரித்தானியாவின் வேலைப் பாதுகாப்பு வழிகாட்டியைப் பாருங்கள். பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில் இருந்தால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதே பாரத்தைத் தரையிலிருந்து எடுப்பதானால் ஆணுக்கு 10 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோ. கையை நீட்டித் தரையில் எடுத்தால் இன்னும் பாதிக்கும் குறைவு அல்லது பாதி. இதைத் தாண்டினால் வேலை செய்யும் முறையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து.

நமது உர மூட்டை 50 கிலோ. தேயிலைச் சாக்கிலும் ஒரே எடை இல்லை. ஒரே அளவுச் சாக்கில் டஸ்ட் தூள் அடைத்தால் கனம் அதிகம், பெரிய இலைத் தேயிலை அடைத்தால் கனம் குறைவு. சாக்கின் மேல் எடை அச்சிட்டிருக்கும். தூக்குமுன் அதை ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு லொறியில் 200 உர மூட்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 கிலோ. நாலு பேர் இறக்குகிறார்கள். இரண்டு பேர் லொறியில் நின்று மூட்டையை ஓரத்துக்குத் தள்ள, இரண்டு பேர் மட்டும் சுமந்தால், சுமப்பவர் ஒவ்வொருவர் முதுகிலும் அன்று 5,000 கிலோ ஏறி இறங்கும். 50 மூட்டைக்கு ஒருமுறை ஆள் மாறினால் ஆளுக்கு 2,500 கிலோ. லொறி அதே லொறி, நேரமும் அதே நேரம். ஆனால் ஒரு ஆளின் பாரம் பாதியாகிறது.

ஒவ்வொரு 50 மூட்டைக்கும் 5 நிமிடம் ஓய்வு எடுத்தால் மூன்று ஓய்வு, மொத்தம் 15 நிமிடம். இதை மேலாள் 'நேரம் வீண்' என்று நினைக்கலாம். ஓய்வில்லாமல் தூக்கினால் என்ன நடக்கிறது? கடைசி 50 மூட்டையில் கை தளர்கிறது, கால் தடுக்குகிறது, சாக்கு கிழிகிறது. ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மீதி வேலையை மூன்று பேர் செய்ய வேண்டும். அப்போது போகும் நேரம் 15 நிமிடத்தோடு நிற்காது. சுறுசுறுப்பு வேறு, அவசரம் வேறு.

மேலாளிடம் எப்படிப் பேசுவது?

கணக்கப்பிள்ளைக்கும் ஸ்டோர் ஐயாவுக்கும் மேலே துரை இருக்கிறார். ஏலத்துக்குத் தேயிலை போக வேண்டிய நாள் தவறினால் அவர்களுக்கும் பேச்சு விழும். இதை நாம் புரிந்துகொண்டு பேசினால் சண்டை குறையும்.

பேச வேண்டியது வேலை தொடங்குமுன். பாதி லொறி ஏறிய பிறகு, களைப்பிலும் கோபத்திலும் பேசினால் "இவன் வேலைக் கள்ளன்" என்ற பெயர்தான் மிஞ்சும். தனியாளாகப் பேசாமல் சேர்ந்து பேசுங்கள். கணக்கோடு பேசுங்கள். உதாரணமாக:

"ஐயா, 200 மூட்டை இருக்கு. நாங்க நாலு பேருதான். ஆள மாத்தி மாத்தி தூக்குறோம், அம்பதுக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் நிக்கிறோம். இருட்டுக்கு முந்தி முடியணும்னா இன்னும் ரெண்டு பேரு குடுங்க."

இதில் 'முடியாது' என்ற வார்த்தையே இல்லை. எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று மட்டும் இருக்கிறது. முடிவு அவர் கையில் இருந்தாலும் கணக்கு அவர் காதில் விழுந்துவிட்டது.

"பேசினால் பேர் வெட்டுவாங்க, அரைப்பேர் போடுவாங்க" என்ற பயம் நம் ஆட்களுக்கு உண்டு. அது வீண் பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். அதனால்தான் சேர்ந்து பேசச் சொல்கிறோம். கேட்டும் பயன் இல்லாவிட்டால் தோட்டத் தலைவரிடமும் தொழிற்சங்கத்திடமும் சொல்லுங்கள். அடுத்தது தொழில் திணைக்களத்தின் காரியாலயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூட்டைக் கணக்குக்குக் கைக்காசு கிடைக்கும் நாட்களில் நம்மை விரட்டுவது மேலாள் அல்ல, நாமேதான். "இன்னும் இருபது மூட்டை போட்டுட்டா நூறு ரூபா வரும்" என்று இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கும் தம்பிமார் இருக்கிறார்கள். அந்தக் காசு ஒரு மாத இடுப்பு வலிக்கு ஈடாகுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

செலவில்லாத சில வழிகள்

லொறியை வாசலோடு ஒட்டிப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். பத்து அடி நடை குறைந்தாலே 200 மூட்டைக்குப் பெரிய தூரம் குறையும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேலோ மேடை மேலோ இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள். தள்ளுவண்டி இருந்தால் அதை மூலையில் நிறுத்தி வைக்காதீர்கள். மழை நாளில் ஏறும் பலகையில் பழைய சாக்கை விரித்தால் கால் வழுக்காது. தரையில் கிடப்பதை இரண்டு பேராகத் தூக்குங்கள். முழங்காலை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழும்புங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டினால் பாரம் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். கர்ப்பிணித் தாய்மாரை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

அடிபட்டுவிட்டால்

அன்றே சொல்லுங்கள், அன்றே பதியச் செய்யுங்கள். "நாளைக்குச் சரியாகும்" என்று லயத்துக்குப் போய்ப் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் வந்து சொன்னால், வேலையில் நடந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க இடமுண்டு. ஸ்டோரில் நடந்த விபத்தால் ஒருவர் 3 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி நிர்வாகம் அதை அறிவிக்க வேண்டும். டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பார்த்தவர்கள் யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். படுத்தே கிடப்பதைவிட மெதுவாக நடமாடுவது நல்லது. ஆனால் கால் மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்தாலோ, சிறுநீர் மலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டிலுள்ள அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்து வந்தவர் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாமல் தவித்தால் தைலம் தேய்த்ததோடு விட்டுவிடாதீர்கள். எங்கே, எப்போது, எதைத் தூக்கினார் என்று கேளுங்கள். மறுநாள் காலை பெரட்டுக்குப் போகுமுன் அதைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள்.